பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள்

குறை கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் தந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தில், மருந்துக் கடையொன்றுக்கு மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனம் அது. மற்றவர்கள் செய்து முடித்துவிட்டோம் என்று கொண்டுவருவதை வாங்கி, அது எந்த இடத்தில் உடைகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். "உனக்கெண்டே செய்த வேலை. சோத்துக்குள்ள ஒரு கல்லுக் கிடந்தாலும் அது உன்ர கோப்பைக்குத்தான் வரும்" என்றார். பொய்யில்லை. எனக்கு எதுவும் சரியாக இருப்பதாகத் தோன்றுவதே இல்லை. அந்தக் குணம் ஒரே ஒருமுறைதான் வாயை மூடிக்கொண்டு இருந்தது. அந்த ஒருமுறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பொஸ் கெட்ட மனிதர் இல்லை. நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று திரும்பி வந்தவர். ஆனால் வரும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார். பெரிய நிறுவனங்கள் மேடை போட்டு, விளக்கையெல்லாம் அணைத்து, இன்னும் செய்து முடிக்காத பொருளைக் கையில் தூக்கிக் காட்டும் காணொளிகளை எங்களைக் கூப்பிட்டு இருத்திக் காட்டுவார். "முதல்ல சொல்லவேணும். சொன்னாப்போல செய்யத்தானே வேணும். செய்துபோட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தா வேற ஒருத்தன் சொல்லிப்போடுவான்" என்பார். சொல்லிவிட்டுச் செய்ய ஏலாமல் போனால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். "அப்ப அடுத்ததைச் சொல்லுறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அந்த வெளிநாடுகளில் அது பெரிய பாவமில்லை. அறிவித்த கைபேசி ஒரு வருடம் பிந்தினால், வாங்க இருந்தவர்கள் பழைய கைபேசியை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் நடக்காது. எங்கள் பொருள் கைபேசி இல்லை. கடலுக்குப் போகும் வள்ளத்தில் கட்டிவைக்கும் ஒரு மஞ்சள் பெட்டி. எஞ்சின் நின்றால், வள்ளம் கவிழ்ந்தால், அதில் உள்ள சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டும். கரையில் இருக்கும் திரையில் அந்த வள்ளத்தின் புள்ளி பச்சையில் இருந்து சிவப்பாக மாறும். எங்கே நிற்கிறது என்றும் காட்டும். கைபேசி வேலை செய்யாத தூரத்திலும் இது வேலை செய்யும் என்பதுதான் கதை. நல்ல யோசனைதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் பொருள் இல்லை. எங்கள் மொட்டைமாடியில் இருந்து பக்கத்து மைதானம் வரைக்கும் அது வேலை செய்தது. மழை பெய்தால் அதுவும் இல்லை. உப்புத் தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்துப் பார்த்தேன், உள்ளே இருந்தவையெல்லாம் பச்சை பிடித்துப் போயின. கடலில் வைத்து ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. இதையெல்லாம் எழுதி, கடைசி வரியில் "இதை யாருக்கும் கொடுக்கக் கூடாது" என்று போட்டு பொஸ்ஸிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். "நாங்கள் குடுக்கேல்லையே, அறிவிக்கிறம்" என்றார்.

அறிவிக்கும் இடமாக என் ஊரைத் தெரிவு செய்தார். தீவுப்பக்கம், கரம்பொனில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் கரை. கத்தோலிக்கக் குடும்பங்கள், எல்லோரும் தொழிலுக்குப் போகிறவர்கள். வருடா வருடம் கோயில் திருநாளில் பங்குச் சுவாமி கரைக்கு வந்து வள்ளங்களை மந்திரிப்பார். அன்றைக்கே பெட்டியையும் அறிவித்தால் படமும் நன்றாக வரும், சனமும் திரளும் என்பது பொஸ்ஸின் கணக்கு. "நீர் ஊர்க்காரி. நீரே மைக்கைப் பிடிச்சுச் சொல்லும். நான் சொன்னா நம்பமாட்டினம்" என்றார். அவர் சொன்னது சரி. நான் சொன்னால் நம்புவார்கள். அதுதான் பிழையாகப் போனது.

பன்னிரண்டு வள்ளத்துக்கும் பன்னிரண்டு பெட்டி. உள்ளே ஒரு சின்னப் பற்றரியும் ஒரு பச்சை வெளிச்சமும் மட்டும்தான். படம் எடுத்து முடிந்ததும் "பதிவுக்கு" என்று சொல்லித் திரும்ப வாங்கிவிடுவோம், மூன்று மாதத்தில் உண்மையான பெட்டி வரும், அப்போது கொடுப்போம் என்பது ஏற்பாடு. மேடையில் நான் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். பெரிய திரையில் ஒரு புள்ளி சிவப்பானது. சனம் கைதட்டியது. மேசைக்குக் கீழே மடிக்கணினியோடு குந்தியிருந்த, என்னோடு வேலை செய்யும் நண்பன்தான் அதைச் சிவப்பாக்கினான். முன்வரிசையில் அண்ணை வெள்ளைச் சேட்டோடு இருந்து, பக்கத்தில் இருந்தவருக்கு என்னைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பொஸ் ஆங்கிலத்தில் ஒரு வசனம் வைத்திருந்தார். அதைத் தமிழில் போட்டால் சப்பென்று இருந்தது. நான் வேறொன்று எழுதிக் கொடுத்தேன். மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் தொங்கியது அதுதான்: "இனித் தனியாகவும் போகலாம்."

அந்த வசனம் எங்கள் கரையில் என்ன செய்யும் என்று மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் தனியாகத் தொழிலுக்குப் போவதில்லை. இரண்டிரண்டு வள்ளமாகத்தான் போவார்கள். சோடி என்று சொல்வார்கள். ஒன்றின் கண்ணுக்கு மற்றது எப்போதும் தெரிய வேண்டும். ஒருவருக்கு மீன் படாவிட்டாலும் மற்றவர் வலை இழுத்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும். சோடியோடு கோபித்துக்கொண்டு கரையில் மாதக்கணக்காகக் கதைக்காமல் இருப்பவர்கள்கூடக் கடலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எல்லோருக்கும் அது தொல்லைதான். அதனால்தான் அந்த வசனம் எல்லோருக்கும் இனித்தது.

பெட்டிகளைத் திரும்ப வாங்கப் போனபோது முதல் வள்ளத்திலேயே மறித்துவிட்டார்கள். சுவாமி வள்ளத்தையும் பெட்டியையும் சேர்த்துத்தான் தீர்த்தம் தெளித்து மந்திரித்திருந்தார். "மந்திரிச்சதைக் கழட்டப்படாது பிள்ளை" என்றார் சங்கத் தலைவர். அவர் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பல வருடமாகத் தலைவர். சத்தம் போட்டுக் கதைக்கும் ஆள் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான். பதிவு செய்ய வேண்டும் என்றேன். "இஞ்ச வந்து பதியுங்கோவன்" என்றார். பொஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். "விடும், நல்லதுதானே. வள்ளத்தில இருக்கட்டும். உண்மையானது வந்தோண்ண மாத்துவம்" என்றார். அன்றைக்கே அந்த இடத்திலேயே மைக்கைத் திரும்ப வாங்கி, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பசித்தது, வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் திரை. சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒன்றை மாட்டிவிட்டோம். வெளிநாட்டில் இருந்து யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு. கடல் வரைபடம், அதில் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். அதே படத்தை என் கைபேசியிலும் பார்க்கலாம். புள்ளிகள் நிற்பது, ஆடுவது, போவது, வருவது எல்லாம் நண்பன் எழுதிவைத்த நாடகம். எந்த வள்ளம் எத்தனை மணிக்குப் போகும், எந்தப் பக்கம் வலை போடும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதனால் திரை உண்மை மாதிரியே இருந்தது. சில நாட்களில் வள்ளம் கரைக்கு வந்த பிறகும் புள்ளி கடலில் நிற்கும். "அது கொஞ்சம் பிந்தித்தான் காட்டும்" என்று அவர்களே ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிக்கொண்டார்கள். ஏழாம் இலக்கம் அண்ணையின் வள்ளம். அவர் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். ஏழாம் புள்ளி காலை பதினொரு மணிக்குக் கரைக்குத் திரும்பும்படி வைத்திருந்தோம்.

மூன்று மாதம் போனது. உண்மையான பெட்டி வரவில்லை. அதற்கிடையில் பொஸ் நெல் வயலுக்கு ஒரு கருவியை அறிவித்துவிட்டார். எங்கள் கரையில் சோடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. முதலில் பிரிந்தது அண்ணையும் அவருடைய சோடிக்காரரும். சண்டை ஒன்றும் இல்லை. தனித்தனியாகப் போனால் ஆளுக்கொரு இடம் பார்க்கலாம், மற்றவனுக்காகக் காத்துக் கிடக்கத் தேவையில்லை என்று இருவருமே சந்தோஷமாகப் பிரிந்தார்கள். சனி, ஞாயிறுகளில் நான் ஊருக்கு வருவேன். ஒரு ஞாயிறு குசினிக்குள் வைத்து அண்ணையிடம் சொன்னேன்.

"அண்ணை, அந்தப் பெட்டி இன்னும் முழுசா முடியேல்லை. அதை நம்பித் தனியப் போகாதையுங்கோ."

"ஓம் ஓம். என்ர போனும் முடியாமல்தான் கிடக்குது. கிழமைக்கு ஒருக்கா அப்டேட் எண்டு கேக்குது. வேலை செய்யுதுதானே" என்றார்.

அவரில் பிழையில்லை. எங்கள் காலத்தில் முடியாத பொருள் என்றால் அப்படித்தான் யாரும் விளங்கிக்கொள்வார்கள். இப்போது ஓரளவு வேலை செய்யும், நாளைக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும். உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஒரு பொருளைத் தன் தங்கச்சி மைக் பிடித்துக் காட்டியிருப்பாள் என்று அவர் ஏன் நினைக்கப்போகிறார்? உள்ளே ஒன்றுமில்லை என்ற அந்த இரண்டு சொல்லையும் நான் சொல்லவில்லை. "முழுசா முடியேல்லை" என்று சொல்லிவிட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

அது வாடைக் காலம். வாடை எங்கள் கரையில் இருந்து வெளியே தள்ளும் காற்று. எஞ்சின் நின்ற வள்ளத்தை அது தென்மேற்காக இழுத்துக்கொண்டு போய், நெடுந்தீவையும் தாண்டி, இந்தியக் கடல் எல்லைக்கோட்டுக்கு அப்பால் விட்டுவிடும். வெயில் ஏறக் காற்றும் ஏறும் என்பதால் அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்பது மணிக்கு முன் கரைக்கு வந்துவிடுவார்கள். நாங்கள் திரையில் நேரம் வைத்தது அதற்கு முந்திய, தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில். அதை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பதரைக்கு மச்சாள், அண்ணையின் மனைவி, வீட்டுக்கு வந்தா. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த கையோடு வந்திருந்தா.

"எல்லாரும் வந்திட்டினம். இவர் மட்டும் வரேல்லை. உம்மட போனில ஒருக்காப் பாரும், எங்க நிக்கிறார் எண்டு."

கைபேசியை எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்வது? ஏழாம் புள்ளி அனலைதீவுக்கு மேற்கே பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன் என்று எழுதவே கை கூசுகிறது. காட்டினேன். மச்சாள் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டா. பிறகும் மனம் கேளாமல், "வாரும், சங்கத்தடிக்குப் போய்ப் பாப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனா.

சங்கக் கட்டடத்துக்குள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வெளியே கொட்டில் தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கரையில் பதினொரு வள்ளம் இழுத்து வைத்திருந்தது. பன்னிரண்டாவதின் இடம் வெறுமையாகக் கிடந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பச்சைதானே. ஏதும் எண்டா அமத்தியிருப்பான்" என்றார் ஒருவர்.

"ரெண்டு வள்ளம் போய்ப் பாத்திட்டு வந்தா என்ன?" என்று கேட்டார் அண்ணையின் பழைய சோடிக்காரர். அவர் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் வாசலுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"இந்தக் காத்துக்க சும்மா ஏன்? மீன் பட்டிருக்கும், நிண்டு எடுக்கிறான். அமத்தேல்லையே" என்றார் முதலாமவர். சங்கத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

பொத்தானை அமத்தவில்லை, ஆகவே அவர் சுகமாக இருக்கிறார். எல்லோருடைய கணக்கும் இதுதான். பெட்டி வருவதற்கு முன்பென்றால் ஒன்பதே காலுக்கே வள்ளத்தை இறக்கித் தேடப் போயிருப்பார்கள். இல்லை, அந்தக் கேள்வியே வந்திருக்காது. சோடி பக்கத்தில் நின்றிருக்கும்.

வெளியே வந்து, பின்சுவரோடு ஒதுங்கி நின்று பொஸ்ஸுக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே பதறினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச பாரும். கொஞ்சம் பிந்துறார், அவ்வளவுதானே. நீர் இப்ப சொல்லிப்போட்டு, அவர் பத்து நிமிசத்தில வந்து இறங்கினா என்ன செய்வீர்? நாளைக்கு வெளியில இருந்து ஆக்கள் வருகினம். எல்லாம் முடிஞ்சுபோம். திரையில ஏதோ பிழை எண்டு சொல்லும். நான் எனக்குத் தெரிஞ்ச ஒராளிட்டச் சொல்லி நேவிக்கு அறிவிக்கப் பாக்கிறன். நான் எடுக்கும்வரைக்கும் ஒண்டும் கதையாதையும்."

அவர் எடுப்பார் என்று நின்றேன். பத்தேகால். பத்தரை. எனக்கும் அதுதான் ஆசை. பத்து நிமிடத்தில் வந்து இறங்குவார், வந்ததும் யாரும் அறியாமல் அந்தப் பெட்டியை நானே கழற்றிக் கடலில் எறிவேன், திங்கட்கிழமை வேலையை விடுவேன் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். இடைக்கிடை ஒழுங்கை முனைக்குப் போய்க் கடலைப் பார்த்தேன். தண்ணீர் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஒரு வள்ளமும் இல்லை. ஒருமுறை உள்ளே போய், "திரையில ஏதோ பிழை போல கிடக்கு" என்று மெல்லச் சொன்னேன். "இல்லையில்லை, வடிவா வேலை செய்யுது" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள்.

பத்தே முக்காலுக்குத்தான் அது மூளையில் தட்டியது. பதினொரு மணிக்கு ஏழாம் புள்ளி கரைக்குத் திரும்பும். அண்ணை கடலில் எங்கே கிடந்தாலும் அது திரும்பும். நண்பனுக்கு எடுத்தேன், நிறுத்து என்று சொல்ல. அவன் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். மூன்றாம் முறையும் மணி அடித்து ஓய்ந்தது. உள்ளே ஓடினேன்.

நான் வாசலுக்கு வரவும் உள்ளே சத்தம் கேட்டது.

"வாறான்! வாறான்! பாருங்கோ, திரும்பீட்டான்!"

பச்சைப் புள்ளி கரையை நோக்கி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டு, சுவரில் கைவைத்து, அந்தப் புள்ளிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தா. பழைய சோடிக்காரர் முதல் தடவையாகக் கதிரையில் இருந்தார். ஒருவர் தேத்தண்ணி வைக்கச் சொன்னார்.

"அது அண்ணை இல்லை" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. திரும்பக் கத்தினேன். "அது அண்ணை இல்லை! அது நாங்கள் கீறின புள்ளி. பெட்டிக்குள்ள ஒண்டுமில்லை. பற்றரியும் லைற்றும் மட்டும்தான். அமத்தினாலும் இஞ்ச ஒண்டும் வராது."

ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகங்களை நான் இப்போதும் சந்தையில், கோயிலில், பஸ்ஸில் பார்க்கிறேன். அவர்களில் யாரும் என்னை அடிக்க வரவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாப் பெட்டியுமோ?" என்று கேட்டார் சங்கத் தலைவர்.

"ஓம். பன்னிரண்டும்."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "நாலு வள்ளம். ரெண்டு ரெண்டாப் போங்கோ. தென்மேற்கால பிடியுங்கோ. நெடுந்தீவுக்கு நான் எடுத்துச் சொல்லுறன், நேவிக்கும் சொல்லுறன்" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் பழைய சோடிக்காரர் மணலில் ஓடிக்கொண்டிருந்தார். கட்டடம் வெறுமையானது. திரையில் ஏழாம் புள்ளி கரைக்கு வந்து, மற்றப் பதினொன்றுக்கும் பக்கத்தில் நின்றது.

மச்சாள் அசையவில்லை. "நாங்கள் இஞ்ச வரேக்க எத்தனை மணி?" என்று கேட்டா.

"பத்தாகேல்லை, மச்சாள்."

"இப்ப?"

"பதினொண்டு அஞ்சு."

அவ தலையை ஆட்டினா. பிறகு வெளியே போய்க் கரையில் இருந்தா. நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். சற்று நேரத்தில் அவ எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தா.

அன்றைய மத்தியானம் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொஸ் பன்னிரண்டு மணிக்கு எடுத்தார், நான் எடுக்கவில்லை. நெடுந்தீவில் இருந்து ஒருவர் சங்கத் தலைவருக்கு எடுத்து, தங்கள் பக்கத்து ஆட்களும் இறங்கிவிட்டதாகச் சொன்னார். சனம் கூடியது. சுவாமி வந்து செபமாலை தொடங்கினார். எனக்குச் செபம் வாயில் வரவில்லை. ஒன்றேகால் மணித்தியாலத்தில் வாடை ஒரு வள்ளத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்றுதான் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒன்றேகால் மணித்தியாலம்.

நாலு மணிக்குக் கிட்ட முதல் இரண்டு வள்ளமும் தெரிந்தன. பின்னால் கயிற்றில் ஒரு வெறும் வள்ளம். பழைய சோடிக்காரர் வள்ளத்தில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவருக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்துக்கொண்டு அண்ணை இருந்தார்.

மச்சாள் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினா. நான் கரையிலேயே நின்றேன். இறங்கி வந்த அண்ணையின் உதடு வெடித்திருந்தது, கண் சிவந்திருந்தது. ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு விலக்கிக்கொண்டு அவர் என்னிடம்தான் வந்தார். வந்து, எல்லோருக்கும் முன்னால், ஈரக் கையை என் தலையில் வைத்தார்.

"உன்ர பெட்டிதானடி என்னைக் கொண்டுவந்து சேத்தது" என்றார். "ஏழரைக்கு எஞ்சின் நிண்டது. உடன அமத்திப்போட்டன். இஞ்ச எத்தனை மணிக்கு வந்தது?"

சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும். கூட்டி வந்தவர்கள் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை என்பது விளங்கியது. சொல்லும் வேலையை எனக்கு விட்டிருந்தார்கள்.

"நெடுந்தீவு வள்ளம் ஒண்டு கிட்டத்தாலதான் போனது" என்று அவரே தொடர்ந்தார். "கூப்பிட்டா நிண்டிருப்பாங்கள். நான் கூப்பிடேல்லை. எங்கட ஆக்கள் வருவினந்தானே, ஏன் அவங்களின்ர தொழிலைக் கெடுப்பான் எண்டு இருந்திட்டன்."

"அண்ணை" என்றேன். "இஞ்ச ஒண்டும் வரேல்லை. அதுக்குள்ள ஒண்டுமில்லை. நான் சொன்னது பொய்."

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு மச்சாளைப் பார்த்தார். சங்கத் தலைவரைப் பார்த்தார். அவர் தலை குனிந்துகொண்டார். அண்ணை திரும்பி, கரையில் இழுத்துவிட்டிருந்த தன் வள்ளத்தைப் பார்த்தார். முன்பக்கத்தில் மஞ்சள் பெட்டி பச்சை வெளிச்சத்தோடு இருந்தது. அதன் முகப்பில் சின்னச் சின்னத் துளைகள் சில உண்டு. அடுத்த பெட்டியில் கதைக்கும் வசதியும் வரும், அதற்கு இப்போதே இடம் விடுவோம், பார்க்கவும் வடிவாக இருக்கும் என்று போட்ட துளைகள்.

"அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆரோட கதைச்சுக்கொண்டிருந்தனான்?" என்று கேட்டார்.

மச்சாள் அவரைக் கையில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டில் இருந்து வந்தவர்களை வேறு ஏதோ கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்களாம். திங்கட்கிழமை இரண்டு வரியில் கடிதம் எழுதி வேலையை விட்டேன். எங்கள் கரையில் திரும்பவும் இரண்டிரண்டாகத்தான் போகிறார்கள். அண்ணைக்கு என்னோடு கோபமில்லை. மீன் தந்து விடுகிறார், தலையில் குட்டுகிறார், சோற்றுக் கல் பகிடியும் விடுகிறார். ஆனால் அன்று அந்தத் துளைகளுக்குள் அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் மச்சாளுக்கும் தெரியாது. ஒருமுறை கேட்டேன். பேச்சை மாற்றினார். போன மாதம், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம் திரும்பவும் கேட்டேன்.

"அதெல்லாம் உனக்குச் சொன்னதுதான்" என்றார், தலை நிமிராமல். "இன்னொருக்காச் சொல்ல ஏலாது."